புரை ஏறினால் யார் நினைக்கிறார்கள்?



சாப்பிடும்போது ஒருவருக்குப் புரை ஏறுகிறது. பக்கத்தில் இருப்பவர் உடனே அவர் தலையில் தட்டுகிறார். "யாரோ உன்னை நினைக்கிறார்கள்" என்கிறார். இரண்டு இருமல் வருகிறது. பிறகு சரியாகிவிடுகிறது. எல்லோர் வீட்டிலும் நடப்பதுதான் இது.

ஆனால் ஒருவருக்குத் தினமும் புரை ஏறுகிறது. மூன்று வேளையும் ஏறுகிறது. வெறும் தண்ணீர் குடித்தாலும் ஏறுகிறது. அப்போதும் யாரோ நினைக்கிறார்கள் என்று விட்டுவிடலாமா?

விடக் கூடாது. அது விழுங்குவதில் உள்ள கோளாறு. கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து வரும். கவனித்தால் பலருக்குக் குறையும். அதற்குப் பயிற்சி உண்டு. அந்தப் பயிற்சிக்கு உதவ இப்போது சிறு கருவிகளும் செல்போன் செயலிகளும் வந்திருக்கின்றன. அவை என்ன செய்யும், என்ன செய்யாது என்பதுதான் இன்றைய பேச்சு.

விரலை வைத்துப் பாருங்கள்

முதலில் ஒரு சிறு சோதனை. கழுத்தின் முன்பக்கம் ஒரு விரலை வையுங்கள். அங்கே ஒரு மேடு இருக்கிறது. அதுதான் குரல்வளை. இப்போது எச்சிலை விழுங்குங்கள்.

அந்த மேடு மேலே ஏறிக் கீழே இறங்கியதா? அந்த ஏற்றம்தான் உயிரைக் காக்கிறது.

எப்படி? தொண்டைக்குள் இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று மூச்சுக்குழல். காற்று நுரையீரலுக்குப் போகும் பாதை. மற்றொன்று உணவுக்குழல். சோறும் தண்ணீரும் வயிற்றுக்குப் போகும் பாதை. மூச்சுக்குழல் முன்னால் இருக்கிறது. உணவுக்குழல் அதன் பின்னால் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு கவளமும் மூச்சுக்குழலின் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும்.

ரயில்வே கேட்டைப் பார்த்திருப்பீர்கள். ரயில் வரும்போது கேட்டை மூடுவார்கள். சாலையில் வண்டிகள் நிற்கும். ரயில் போன பிறகு கேட்டைத் திறப்பார்கள். தொண்டையிலும் அதே வேலைதான். கவளம் வரும்போது மூச்சு ஒரு கணம் நிற்கிறது. குரல்வளை மேலே ஏறுகிறது. அதன் மூடி வாசலை மூடுகிறது. உணவுக்குழலின் வாய் திறக்கிறது. கவளம் உள்ளே போகிறது. பிறகு மூச்சுப் பாதை திறக்கிறது. இவ்வளவும் ஏறத்தாழ 1 விநாடியில் முடிந்துவிடும். 25-க்கும் மேற்பட்ட தசைகள் இதற்குச் சேர்ந்து உழைக்கின்றன. மூளை அவற்றை நடத்துகிறது.

மூளையின் கட்டளை தவறினால் கேட் நேரத்துக்கு மூடாது. தசை பலவீனமானாலும் கேட் சரியாக மூடாது. சோறும் தண்ணீரும் மூச்சுக்குழலுக்குள் போய்விடும். அதைத்தான் புரை ஏறுவது என்கிறோம்.

யாருக்கு இது வரும்?

பக்கவாதம் வந்தவர்களுக்கு அதிகம் வரும். பக்கவாதம் வந்த புதிதில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு விழுங்குவதில் சிரமம் இருக்கும். பலருக்குச் சில வாரங்களில் சரியாகும். சிலருக்குத் தங்கிவிடும்.

கை நடுங்கும் நோயான பார்க்கின்சன் உள்ளவர்களுக்கும் வரும். தலையில் அடிபட்டவர்களுக்கும், மூளை வாதம் உள்ள குழந்தைகளுக்கும் வரும். மிகவும் வயதானவர்களுக்கும் வரலாம்.

வாய்ப் புற்றுநோய், தொண்டைப் புற்றுநோய் வந்தவர்களுக்கும் வரும். அறுவைச் சிகிச்சையும் கதிர் சிகிச்சையும் அங்குள்ள தசைகளை இறுக்கிவிடும். நம் நாட்டில் புகையிலை, குட்கா, பான் மெல்லும் பழக்கத்தால் வாய்ப் புற்றுநோய் மிகுதி. ஆகவே இந்தத் துன்பமும் மிகுதி.

ஒரு வீட்டில் நடந்தது

ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். பெங்களூரில் கட்டட வேலைக்கு வந்து தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். வீட்டுப் பெரியவருக்கு வயது 64. கொத்தனாராக இருந்தவர். மகனும் கொத்தனார். மருமகள் வீட்டு வேலைக்குப் போகிறாள். பேத்தி 9-ஆம் வகுப்புப் படிக்கிறாள்.

ஒரு நாள் காலை பெரியவரின் வலது கை தொங்கிவிட்டது. வாய் ஒரு பக்கம் கோணியது. பேச்சுக் குழறியது. மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். பக்கவாதம் என்றார்கள். உயிர் பிழைத்தது. மூக்கு வழியாகக் குழாய் போட்டு உணவு கொடுத்தார்கள். பிறகு குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் தொல்லை ஆரம்பித்தது. தண்ணீர் குடித்தால் இருமுவார். சாப்பிட்ட பின் குரல் கரகரக்கும், தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோல. சோறு ஒரு பக்கக் கன்னத்திலேயே தங்கிவிடும். ஒரு கிண்ணம் கஞ்சி குடிக்க 1 மணி நேரம் ஆகும்.

"மாமா, இன்னும் ஒரு வாய்" என்பாள் மருமகள்.

"வேண்டாம் தாயி" என்பார் பெரியவர்.

பிடிவாதம் என்று நினைத்தார்கள். "வாயைத் திறந்து ஊற்றிவிடு. சாப்பிடாமல் எப்படி உடம்பு தேறும்?" என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். அப்படியே ஊற்றினார்கள். அன்பினால்தான் செய்தார்கள்.

ஒரு மாதத்தில் இரண்டு முறை காய்ச்சல் வந்தது. உடம்பு பாதியானது. மறுபடியும் மருத்துவமனை. டாக்டர் மார்பை எக்ஸ்ரே எடுத்தார். "நுரையீரலில் நிமோனியா. சாப்பாடு மூச்சுக்குழலுக்குள் போயிருக்கிறது" என்றார்.

பெரியவர் பிடிவாதம் பிடிக்கவில்லை. பயந்திருந்தார். ஒவ்வொரு வாயும் அவருக்கு மூச்சு முட்டியது. அதைச் சொல்லத்தான் அவருக்குப் பேச்சு வரவில்லை.

யாரிடம் போகவேண்டும்?

விழுங்கும் கோளாறுக்குப் பயிற்சி தருபவர் ஸ்பீச் தெரபிஸ்ட், அதாவது பேச்சுப் பயிற்சியாளர். பேச்சுக்கும் விழுங்குவதற்கும் ஒரே நாக்கு, ஒரே தொண்டை. அதனால் இரண்டையும் அவர்களே பார்க்கிறார்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் கேட்டால் வழி சொல்வார்கள்.

இதற்கென்றே மத்திய அரசின் பெரிய நிறுவனங்களும் உண்டு. மைசூரில் அகில இந்தியப் பேச்சு, கேட்பு நிறுவனம் 1965-இல் தொடங்கப்பட்டது. மும்பையில் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம் 1983-இல் தொடங்கப்பட்டது. பயிற்சியாளர்கள் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். "பதிவு இருக்கிறதா?" என்று கேட்பதில் தவறில்லை.

பெரியவரைப் பயிற்சியாளர் பார்த்தார். நாக்கை நீட்டச் சொன்னார். இருமச் சொன்னார். பிறகு ஓடும் எக்ஸ்ரே படம் எடுக்க ஏற்பாடு செய்தார். எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் என்ற மருந்தைக் கஞ்சியில் கலந்து கொடுப்பார்கள். விழுங்கும்போது படம் ஓடும். கஞ்சி எங்கே போகிறது என்று திரையில் தெரியும். சில இடங்களில் மூக்கு வழியாக மெல்லிய கேமராக் குழாயை விட்டும் பார்ப்பார்கள்.

திரையில் மருமகள் பார்த்தாள். பெரிய கவளம் உணவுக்குழலுக்குப் போயிற்று. ஒரு மெல்லிய கோடு மட்டும் மூச்சுக்குழலுக்குள் இறங்கியது. பெரியவர் இருமவே இல்லை.

"இருமல்கூட வரலையே!" என்றாள்.

"அதுதான் ஆபத்து அம்மா" என்றார் பயிற்சியாளர். "சிலருக்கு உள்ளே போவது தெரியவே தெரியாது. இருமல் இல்லை என்பதால் நன்றாக விழுங்குகிறார் என்று நினைக்கக் கூடாது."

கண்ணுக்குத் தெரியாத வேலை

பயிற்சி தொடங்கியது. "ஐயா, பலமாக விழுங்குங்கள்" என்றார் பயிற்சியாளர். பெரியவர் விழித்தார். பலமாக விழுங்குவது என்றால் என்ன?

கை பலவீனமானால் கையைப் பார்க்கலாம். இன்று இவ்வளவு தூக்கினேன், நாளை இன்னும் கொஞ்சம் தூக்குவேன் என்று தெரியும். தொண்டையை எப்படிப் பார்ப்பது? விழுங்குவது கண்ணுக்குத் தெரியாத வேலை. செய்தது சரியா தவறா என்பது செய்தவருக்கே தெரியாது.

இந்த இடத்தில்தான் கருவி உதவுகிறது. கண்ணுக்குத் தெரியாததைக் கண்ணுக்குக் காட்டுகிறது. முகத்துக்குக் கண்ணாடிபோலத் தொண்டைக்கு ஒரு கண்ணாடி. அவ்வளவுதான். அது மருந்து இல்லை.

தாடைக்குக் கீழே ஒட்டும் கருவி

ஈ.சி.ஜி. எடுக்கும்போது நெஞ்சில் சிறு வில்லைகளை ஒட்டுவார்கள். இதயம் துடிப்பது கோடாகத் தெரியும். அதே போன்ற வில்லைகளைத் தாடைக்குக் கீழே ஒட்டுகிறார்கள். தசை வேலை செய்யும்போது அதில் மிகச் சிறிய மின்சாரம் உண்டாகும். வில்லை அதை உணர்கிறது. கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ ஒரு கோடு ஓடுகிறது. விழுங்கும்போது கோடு மலைபோல் எழுகிறது. பலமாக விழுங்கினால் மலை உயரம். மெதுவாக விழுங்கினால் மலை சிறிது.

பெரியவருக்கு வில்லையை ஒட்டினார்கள். எச்சிலை விழுங்கினார். திரையில் ஒரு சிறு மேடு எழுந்தது.

"தாத்தா, இன்னும் மேலே!" என்றாள் பேத்தி.

மறுபடி விழுங்கினார். மேடு சற்று உயர்ந்தது. பெரியவர் திரையைக் காட்டிச் சிரித்தார். "பலமாக" என்ற சொல் அவருக்கு அப்போதுதான் விளங்கியது.

இந்த முறை பல நாடுகளில் நடக்கிறது. கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் தாடைக்குக் கீழே ஒட்டும் சிறு கருவியை உருவாக்கினார்கள். அதன் பெயர் மொபிலி-டி. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்கள் வீட்டிலிருந்தே பயிற்சி செய்ய அது உதவுகிறது. செல்போன் திரையில் கோடு தெரியும்.

நியூசிலாந்தில் கிறைஸ்ட்சர்ச் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் வேறொன்றையும் சேர்த்தார்கள். திரையில் ஒரு சதுரம் தோன்றும். மலையின் உச்சி அந்தச் சதுரத்துக்குள் வரும்படி விழுங்க வேண்டும். அதிகப் பலமும் கூடாது. குறைந்த பலமும் கூடாது. சரியான நேரத்தில் விழுங்க வேண்டும். கோலிக் குண்டைக் குறிபார்த்து அடிப்பதுபோல. ஏனென்றால் விழுங்குவதற்குப் பலம் மட்டும் போதாது. நேரமும் பிசகக் கூடாது. கேட்டைப் பலமாக மூடினால் போதுமா? ரயில் வரும் நேரத்தில் மூட வேண்டாமா?

வேறு சில கருவிகள்

நாக்குக்கும் ஒரு கருவி உண்டு. அமெரிக்காவின் அயோவாவில் உருவானது. காற்று நிரம்பிய ஒரு சிறு குமிழை வாய்க்குள் வைக்கிறார்கள். நாக்கால் அதை மேல் அண்ணத்தோடு சேர்த்து அழுத்த வேண்டும். எவ்வளவு அழுத்தம் என்று எண் தெரியும். கவளத்தைப் பின்னுக்குத் தள்ளுவது நாக்குதான். நாக்குப் பலம் பெற்றால் கவளம் வாயில் தங்காது.

பார்க்கின்சன் நோய் உள்ளவர்கள் எச்சிலை விழுங்க மறப்பார்கள். அதனால் வாய் வழியே எச்சில் ஒழுகும். நாலு பேர் முன்னால் போகவே கூச்சப்படுவார்கள். அவர்களுக்குச் செல்போன் செயலி உண்டு. சிறிது நேரத்துக்கு ஒரு முறை போன் அதிரும். "விழுங்கு" என்று நினைவூட்டும்.

பயிற்சிகளைப் படம் காட்டிச் சொல்லும் செயலிகளும் உண்டு. எத்தனை முறை செய்தோம் என்று கணக்கும் வைக்கும்.

பயிற்சியாளரோடு வீடியோவில் பேசியும் பயிற்சி பெறலாம். மாதம் நான்கு முறை பஸ் ஏறி, ஒரு நாள் கூலியை இழந்து போகவேண்டியதில்லை. மருத்துவர்கள் தொலைவிலிருந்து சிகிச்சை தருவதற்கு 2020 மார்ச் மாதத்தில் மத்திய அரசு விதிமுறை வெளியிட்டது. இ-சஞ்சீவனி என்ற இலவசச் சேவை 2019-இல் தொடங்கியது. அதில் டாக்டரிடம் பேசி, எங்கே போகவேண்டும் என்று கேட்கலாம். ஆனால் முதல் பரிசோதனையை நேரில் செய்துகொள்வதே நல்லது.

ஒரு எச்சரிக்கை. தசையின் மின்சாரத்தைப் படிக்கும் கருவி வேறு. தசைக்குள் மின்சாரம் செலுத்தும் கருவி வேறு. பார்ப்பதற்கு இரண்டும் ஒன்றுபோல் இருக்கும். மின்சாரம் செலுத்தும் கருவியைப் பயிற்சி பெற்றவர்தான் பயன்படுத்த வேண்டும். விளம்பரம் பார்த்து வாங்கித் தொண்டையில் ஒட்டக் கூடாது.

கோடு உயர்ந்தது, காய்ச்சலும் வந்தது

மூன்று வாரம் போயிற்று. பெரியவரின் கோடு நன்றாக உயர்ந்தது. மகனுக்கு மகிழ்ச்சி. "அப்பாவுக்குச் சரியாகிவிட்டது" என்று டீக்கடைக்கு அழைத்துப் போனான். வழக்கமான டீயை வாங்கிக் கொடுத்தான். பெரியவர் ஆசையோடு குடித்தார். மூன்றாவது மிடறில் புரை ஏறியது. முகம் கறுத்தது. கடைக்காரர் ஓடி வந்தார். நல்ல வேளையாகப் பலமாக இருமி மீண்டார். இரண்டு நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது.

மகன் பயிற்சியாளரிடம் கேட்டான். "கோடு உயர்ந்துதானே இருந்தது? கருவி பொய் சொல்லிவிட்டதா?"

"கருவி பொய் சொல்லவில்லை" என்றார் அவர். "தசை எவ்வளவு வேலை செய்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும். டீ எந்தப் பாதையில் போயிற்று என்று அதற்குத் தெரியாது. அதை ஓடும் எக்ஸ்ரேயும் கேமராவும்தான் சொல்ல முடியும்."

இதுதான் மனதில் நிற்க வேண்டிய செய்தி. திரையில் வரும் கோட்டையோ, செயலி தரும் மதிப்பெண்ணையோ நம்பி உணவை மாற்றக் கூடாது. எதைச் சாப்பிடலாம், எதைக் குடிக்கலாம் என்று பரிசோதித்தவர்தான் சொல்ல வேண்டும். கருவியால் எல்லோருக்கும் ஒரே அளவு பலன் கிடைப்பதும் இல்லை. சிலருக்கு அதிகம். சிலருக்குக் குறைவு. "ஒரே வாரத்தில் குணம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

கருவி வாங்க முடியாவிட்டால்?

கருவிகள் விலை கூடியவை. எல்லா ஊர்களிலும் இல்லை. அதற்காகப் பயிற்சி நின்றுவிட வேண்டுமா? வேண்டாம்.

கழுத்தில் வைத்த விரல் ஒரு கருவிதான். மேடு ஏறுகிறதா என்று அது சொல்லும். கண்ணாடி ஒரு கருவி. நாக்கு எந்தப் பக்கம் கோணுகிறது, கன்னத்தில் சோறு தங்கியிருக்கிறதா என்று காட்டும். செல்போனில் உள்ள கடிகாரம் ஒரு கருவி. ஒரு நோட்டும் பென்சிலும் கருவிகள்தான்.

மருமகள் ஒரு நோட்டுப் போட்டாள். அவள் அப்போதுதான் எழுத்துக் கற்றுக்கொண்டிருந்தாள். பயிற்சியாளர் கன்னடத்தில் சொன்னதைப் பேத்தி தமிழில் சொன்னாள். மருமகள் தன் கையால் எழுதினாள். காலை எத்தனை முறை விழுங்கினார்? இருமல் வந்ததா? குரல் கரகரத்ததா? எடை எவ்வளவு? அடுத்த முறை போனபோது பயிற்சியாளர் கருவியின் கணக்கைப் பார்த்தார். பிறகு நோட்டைப் பார்த்தார். "டீ குடித்த நாளும், காய்ச்சல் வந்த நாளும் இதில்தான் அம்மா இருக்கிறது. என் கருவியில் இல்லை" என்றார்.

10 மில்லி ஊசிக்குழல் சோதனை

விழுங்கச் சிரமப்படுபவர்களுக்குத் தண்ணீர்தான் பெரும்பாலும் கடினம். அது வேகமாக ஓடும். கேட் மூடுவதற்குள் வந்துவிடும். சற்றுக் கெட்டியாக இருந்தால் மெதுவாக வரும். கேட் மூட நேரம் கிடைக்கும். அதனால் சிலருக்குப் பானத்தைக் கெட்டியாக்கிக் கொடுக்கச் சொல்வார்கள்.

எவ்வளவு கெட்டி? இதற்கு உலகம் முழுவதும் பொதுவான அளவு ஒன்று இருக்கிறது. அதற்கு இட்சி அளவு என்று பெயர். 0 முதல் 7 வரை 8 படிகள். பானங்களுக்கு 0 முதல் 4 வரை. அதை வீட்டிலேயே அளக்கலாம்.

ஊசி மாட்டாத 10 மில்லி ஊசிக்குழல் ஒன்று வேண்டும். அதில் 0 கோட்டிலிருந்து 10 கோடு வரை 61.5 மில்லிமீட்டர் நீளம் இருக்க வேண்டும். உள்ளே தள்ளும் தண்டை எடுத்துவிடுங்கள். நுனியை விரலால் அடைத்துக்கொண்டு 10 மில்லி வரை பானத்தை ஊற்றுங்கள். விரலை எடுங்கள். 10 விநாடி கழித்து மறுபடியும் அடையுங்கள். எவ்வளவு மிச்சம்?

1 மில்லிக்கும் குறைவு என்றால் படி 0. அது தண்ணீர் போன்றது.
1 முதல் 4 மில்லி வரை என்றால் படி 1.
4 முதல் 8 மில்லி வரை என்றால் படி 2.
8 மில்லிக்கு மேல் மிஞ்சி, சிறிதளவு மட்டும் வடிந்தால் படி 3.
எதுவுமே வடியாவிட்டால் படி 4. அதைக் கரண்டியால் சாப்பிட வேண்டும்.

உங்கள் வீட்டாருக்கு எந்தப் படி என்று பயிற்சியாளர் சொல்வார். நீங்களாக முடிவு செய்ய வேண்டாம். தேவையில்லாமல் கெட்டியாக்கினால் சிலர் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். உடம்பு வறண்டுபோகும்.

இன்னொன்று. கஞ்சி ஆறினால் கெட்டியாகும். எச்சில் பட்ட கஞ்சி நீர்த்துப்போகும். ஆகவே கொடுக்கும் நேரத்தில் அளந்து பாருங்கள். எச்சில் கரண்டியைக் கிண்ணத்தில் ஊற விடாதீர்கள்.

சாப்பாட்டு நேரத்தில்

படுத்த நிலையில் ஊட்டாதீர்கள். நிமிர்ந்து உட்கார வையுங்கள்.

சிறிய கரண்டியால் கொடுங்கள். ஒரு வாய் விழுங்கி முடித்த பிறகே அடுத்த வாய்.

டி.வி.யை நிறுத்துங்கள். சாப்பிடும்போது பேச வைக்காதீர்கள். சிரிக்க வைக்காதீர்கள்.

தூக்கக் கலக்கத்தில் கொடுக்காதீர்கள்.

சாப்பிட்ட பின் அரை மணி நேரம் உட்கார்ந்தே இருக்கட்டும்.

வாயையும் பல்லையும் நாள்தோறும் சுத்தம் செய்யுங்கள். வாயில் அழுக்குச் சேர்ந்தால் அது எச்சிலோடு நுரையீரலுக்குப் போகும். நிமோனியா வரும்.

ஒருவர் பலமாக இருமினால் இருமட்டும். அதுதான் நல்லது. தலையில் தட்டுவதால் பயனில்லை. அப்போது தண்ணீர் ஊற்றுவது ஆபத்து. இருமவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை, மூச்சும் வரவில்லை என்றால் உடனே செயல்பட வேண்டும். அவரை முன்னால் குனிய வையுங்கள். முதுகில், இரு தோள்பட்டைகளுக்கு நடுவே, உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை பலமாகத் தட்டுங்கள். அடைப்பு வெளிவராவிட்டால் பின்னால் நின்று கட்டிப்பிடியுங்கள். தொப்புளுக்குச் சற்று மேலே 5 முறை உள்நோக்கி மேலே இழுத்து அழுத்துங்கள். அடைப்பு வெளிவரும் வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கர்ப்பிணிகளுக்கும், 1 வயது ஆகாத குழந்தைகளுக்கும் வயிற்றை அழுத்தக் கூடாது. இதற்குள் இன்னொருவர் 108 அல்லது 112-க்குப் போன் செய்யட்டும்.

ஒரு டம்ளர் டீ

நான்கு மாதம் கழித்துப் பெரியவருக்கு மறுபடியும் ஓடும் எக்ஸ்ரே எடுத்தார்கள். இந்த முறை மருமகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கெட்டியான பானம் முழுவதும் உணவுக்குழலுக்குப் போயிற்று. தண்ணீர் மட்டும் இன்னும் சற்றுத் தடுமாறியது. "தண்ணீருக்கு இன்னும் கொஞ்ச நாள் ஆகும்" என்றார் பயிற்சியாளர். "படி 2-இல் டீ கொடுக்கலாம். தாடையைத் தாழ்த்திக்கொண்டு, ஒவ்வொரு மிடறாக."

வீட்டுக்கு வந்ததும் மருமகள் டீ போட்டாள். சொன்னபடி கெட்டியாக்கினாள். பேத்தி ஊசிக்குழலில் ஊற்றி 10 விநாடி எண்ணினாள். "6 மில்லி மிச்சம் அம்மா. சரியாக இருக்கிறது" என்றாள்.

மகன் டீயை அப்பாவிடம் கொடுத்தான். பெரியவர் தாடையைத் தாழ்த்தினார். ஒரு மிடறு விழுங்கினார். எல்லோரும் காத்திருந்தார்கள். இருமல் வரவில்லை.

"நல்லா இருக்கியா மாமா? குரலைக் காட்டு" என்றாள் மருமகள்.

"நல்லா இருக்கு தாயி" என்றார். குரல் தெளிவாக வந்தது. அவள் நோட்டை எடுத்துத் தேதி போட்டு எழுதினாள்.

பெரியோர்களே, தாய்மார்களே! உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அடிக்கடி புரை ஏறுபவர் யாராவது இருக்கிறாரா? சாப்பிட மறுக்கிறாரா? சாப்பிட்ட பின் குரல் கரகரக்கிறதா? காரணம் தெரியாமல் மீண்டும் மீண்டும் காய்ச்சல் வருகிறதா? பிடிவாதம் என்று கோபிக்க வேண்டாம். வாயைத் திறந்து ஊற்ற வேண்டாம். பயிற்சியாளரிடம் அழைத்துப் போங்கள். கருவி கிடைத்தால் பயன்படுத்துங்கள். கிடைக்காவிட்டால் விரலும் கண்ணாடியும் நோட்டும் இருக்கின்றன.

புரை ஏறினால் தூரத்தில் யாரோ நினைக்கிறார்கள் என்பார்கள். அது இருக்கட்டும். நினைக்க வேண்டியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுபவர்கள்தான்.